எங்கட கதை வேற

மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் வாங்கிவிட்டீர்கள். வாழ்த்துகள். சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே, பேசுபவரின் இடத்தில் நின்று "நான்" என்றே பேசு, கேட்டதை வெளியே கொண்டுபோகாதே என்றெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நல்ல விதிகள். மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதி விசாரணை அறைகளிலும் ஓய்வு பெறும்வரை அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் மொழிபெயர்த்தேன்.

என்னை இன்று அழைத்தவர்கள், எல்லாப் பின்னணி மனிதர்களிடமிருந்தும் கற்றுக்கொள்வதைப் பற்றிப் புதியவர்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உற்சாகம் என்னிடம் அதிகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் சொல்லப்போகும் குடும்பத்தில் இப்போது எஞ்சியிருப்பது ஒரு பெண். அவரை மலர் என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயரல்ல. கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டபோது, "சொல்லுங்கோ அக்கா. கேக்கிற ஆக்கள் கேக்கட்டும்" என்றார்.

2009ஆம் ஆண்டு இலையுதிர் காலம். சுவிட்சர்லாந்தின் பேர்னில் ஒரு மனநல மருத்துவமனைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நோயாளி மலரின் கணவர் குணம். உணவகச் சமையலறையில் வேலை. சட்டி கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அது நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வன்னியில் அவருடைய ஒரே தம்பி யுத்தத்தின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து பஸ்ஸில் ஏறியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் குணம்.

வைத்தியர் ஒரு சுவிஸ் பெண், நடுத்தர வயது. அமைதியாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஆக்கள் இல்லாத நேரத்தில குரல் ஏதும் கேக்குதோ?"

"ஓம்," என்றார் குணம். "தம்பி கதைக்கிறான்."

நான் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். வைத்தியரின் பேனா ஓடத் தொடங்கியது. குரல் கேட்கும் மனநோய் என்று எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. ஆனாலும் அந்த அறையில் ஒரு பிழை நடந்துகொண்டிருந்தது. விதிப்படி நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவருக்கு உண்மையாகவே குரல் கேட்கிறதோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது ஒரு அல்பானியப் பெண் சொல்லியிருந்த கதை. அவள் கொசோவோக்காரி, அல்பானிய மொழிக்கு மொழிபெயர்ப்பாளர், என்னைவிட இளையவள். பெயர் சொல்வதை விரும்பமாட்டாள். ஒரே மருத்துவமனைகளின் தாழ்வாரங்களில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகினோம். அவளுக்கு என்மேல் பொறுமையே இல்லை. "நீ அகராதி மாதிரிக் கதைக்கிறாய்" என்பாள். அவள் பேர்ன் ஜெர்மனில் சொன்னதை உங்களுக்கு எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"எங்கட ஆள் ஒருத்தர், வயசானவர், டொக்டரிட்டச் சொன்னார், 'மகன் ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வாறான்' எண்டு. நானும் அப்பிடியே சொன்னன். எங்கட பக்கத்தில நினைவு வாறதை அப்பிடிச் சொல்லுறது. அவரைப் பூட்டின வார்டில போட்டிட்டினம். ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து வாற இடத்தில நிப்பாட்டு. விதியை உடைக்காத. டொக்டரிட்ட அனுமதி கேள்."

நான் கை தூக்கினேன். "மொழிபெயர்ப்பாளராகச் சொல்கிறேன். 'கதைக்கிறான்' என்பதற்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்கலாமா?"

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். "கேளுங்கள்."

நான் கேட்டதும் குணம் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். தொலைபேசி நிறுவனத்தின் பெண் குரல் சேமித்த செய்தி என்று ஜெர்மனில் சொல்லி முடிய, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"அண்ணை, இண்டைக்குத்தான் லைன் கிடைச்சது. நீ எடுக்கேல்லை. நாங்கள் இருக்கிறம். பிறகு எடுக்கிறன்."

சமையலறையில் தொலைபேசியைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். தம்பி எடுத்த நேரம் குணம் வேலையில் நின்றிருக்கிறார். வைத்தியர் அந்தச் செய்தியை இன்னொரு முறை போடச் சொன்னார். மொழி தெரியாமலே இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு தான் எழுதியதை வெட்டினார்.

"இறந்தவருக்காக அழுபவருக்கு உதவ எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம். "இறந்தாரா இல்லையா என்று தெரியாதவருக்கு என்ன செய்வதென்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. உங்கள் மக்கள் என்ன செய்வார்கள்?"

எனக்கும் தெரியவில்லை. சாவுக்கு எங்களிடம் எல்லாம் இருக்கிறது. எட்டாம் நாள் சடங்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். காணாமல் போனவனுக்கு ஒன்றும் இல்லை. அதைத்தான் வெளியே வந்ததும் மலரும் கேட்டார். அது, இறந்த முன்னோரின் பெயர் சொல்லிப் படைக்கும் மாளய காலம்.

"அக்கா, மாளயத்துக்கு அவன்ர பேரைச் சொல்லுறதோ, விடுறதோ? சொன்னால் நாங்களே அவனைக் கொன்ற மாதிரி. விட்டால், செத்திருந்தானெண்டால் பட்டினி போட்ட மாதிரி."

இந்தக் கேள்வியை, மலரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் நான் அந்த அல்பானியப் பெண்ணிடம் கொண்டுபோனேன். அவளுடைய தகப்பனையும் கொசோவோ யுத்தத்தில் படையினர் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னாள். பத்து வருஷமாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாய் பேர்னுக்குப் பக்கத்து ஊரான பீலில் இருக்கிறார். ஆட்களைத் தொலைத்த பெண்கள் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ் அறையில் கூடுகிறார்கள்.

"கூட்டிக்கொண்டு வா," என்றாள். "பத்து வருஷம் முந்தி நாங்கள் நிண்ட இடத்தில நீங்கள் நிக்கிறியள். எங்களுக்கு மருந்து தெரியாது. எங்கயெங்க விழுந்தமெண்டு தெரியும்."

வைத்தியரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். குணம் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. மலருக்குத் தான் மட்டும் போகக் கூச்சம். தன்னைப் போன்றவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோருமாகப் போகலாம் என்று நினைத்தார். பேர்னின் பூம்ப்ளிஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். என்னையும் அழைத்துப் போனார். அங்கே எழுந்து நின்று பீலுக்குப் போகும் விஷயத்தைச் சொன்னார்.

கூட்டத்தை நடத்தியவர் நல்ல மனிதர். அகதியாக வந்த எத்தனையோ பேருக்கு ஓடி ஓடி உதவியவர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தங்கச்சி, அவையள் எலும்பு தேடுற ஆக்கள். எங்கட பிள்ளையள் உயிரோட இருக்கினம். நாங்கள் அவையளோட போய் இருந்தால், செத்திட்டினம் எண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி."

"அதோட," என்றார் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எங்களுக்கு நடந்தது உலகத்தில ஒருத்தருக்கும் நடக்கேல்லை. அவையளுக்கு என்ன விளங்கப் போகுது? அவையளின்ர கதை வேற. எங்கட கதை வேற."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. அந்த அம்மாவின் மகளும் காணாமல் போனவர்களில் ஒருத்தி. மலர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை பேர்ன் ரயில் நிலையத்தில் அவர் மட்டும் நின்றார்.

பீலில் அந்தக் கீழ் அறைக்குள் நுழைந்ததும் சுட்ட மிளகாயின் மணம் மூக்கில் ஏறியது. பெரிய சிவப்புக் குடைமிளகாய்களைச் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்குப் போத்தலில் அடைக்கும் பருவம். நீண்ட மேசையைச் சுற்றிப் பெண்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மலருக்கு ஒரு கதிரையும் ஒரு பாத்திரமும் தந்தார்கள். அவரும் உரித்தார். வெகு நேரம் கழித்துத்தான் அந்த மாளயக் கேள்வியைக் கேட்டார். அவர் தமிழில் சொல்ல, நான் ஜெர்மனில் சொல்ல, தோழி அல்பானிய மொழியில் தாயிடம் சொன்னாள். பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"எந்த நாளில அழுறதெண்டு ஒருத்தரையும் உனக்குச் சொல்ல விடாத," என்றார் தாய். "சாமி கும்பிடுற ஆக்களையும் விடாத, கொடி பிடிக்கிற ஆக்களையும் விடாத. பேர் சொல்ல ஏலாட்டில் இந்த வருஷம் சொல்லாத. அடுத்த வருஷம் திரும்ப யோசி."

பிறகு இன்னும் சொன்னார். காத்திருப்பதற்கு ஒரு நேரத்தை ஒதுக்கி வை. நாங்கள் சனிக்கிழமையில் காத்திருக்கிறோம். மற்ற நாட்களில் சமைக்கிறோம், வேலைக்குப் போகிறோம், சண்டை பிடிக்கிறோம். ஒதுக்காவிட்டால் அது எல்லா நாளையும் தின்றுவிடும். உன் ஆளைக் கண்டதாக யாராவது வந்து சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள். நம்பாதே, திட்டவும் வேண்டாம். அவனுடைய உடம்பில் உனக்குத் தெரிந்த ஒரு அடையாளத்தைக் கேள். கடைசியாக, "தனியக் காத்திருக்கிற ஆள், காணாமல் போன ஆளுக்குப் பின்னால போயிடும். உன்ர மனுசனைத் தனிய விடாத" என்றார்.

மலர் அழவில்லை. உரித்த மிளகாயைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "இதுக்குள்ள உள்ளியும் போடுறவையோ?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மேசை முழுக்கச் சிரித்தது. பூண்டு போடுவதா விடுவதா என்று அவர்களுக்குள்ளேயே நெடுநாள் சண்டையாம். அவ்வளவு காலத்தில் மலர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

குளிர்காலத்தில் குணமும் வந்தார். உள்ளே வரமாட்டார். வாசலில் ஒரு அல்பானிய முதியவரோடு நின்று புகை பிடிப்பார். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் திரும்பும் ரயிலில் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார், வேலைக்குத் திரும்பலாமா என்று கதைத்தார். வைத்தியர் அதைக் கேட்டு, மற்ற வைத்தியர்களுக்கும் இதைப் பற்றிச் சொல்லப்போவதாகச் சொன்னார். பிள்ளைகளே, அந்தச் சில மாதங்களில் நான் இந்தத் தொழிலை நம்பினேன்.

வசந்தத்தில் அந்த வைத்தியருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார். அவருக்குப் பின் வந்தவர் கெட்டிக்காரர், மரியாதையானவர். பீல் கதையை நான் தொடங்கியதும், "அது சிகிச்சைத் திட்டத்தில் இல்லை" என்றார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். சந்திப்புகள் குறுகின.

அதே காலத்தில் பூம்ப்ளிஸ் மண்டபத்துக்கு வருகிற ஒருவர் குணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இலங்கையின் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் தம்பியைக் கண்ட ஆளைத் தனக்குத் தெரியும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவரும் நம்பியே சொன்னார். மலருக்கு பீல் தாய் சொன்னது நினைவுக்கு வந்தது. தம்பிக்குச் சின்ன வயதில் கொதிதண்ணீர் பட்டு வலது கையில் தழும்பு. மலர் தொலைபேசியை வாங்கி, அதைச் சொல்லிக் கொடுக்காமல், "கையில என்ன இருந்ததெண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். எடுத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு அவன் சாக வேணும் போல" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

குணம் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை மலர் எனக்கு எடுத்தார்.

"அக்கா, அவர் என்னோட கதைக்கிறேல்லை எண்டுட்டார். நான் அவையளிட்டப் போய், அவையளின்ர சாவை வீட்டுக்குக் கொண்டுவந்திட்டனாம்."

பீலுக்குப் போவது நின்றது. குணம் எல்லா நாளும் காத்திருந்தார். அவருக்குச் சலரோகம் இருந்தது. இன்சுலின் ஊசி போடுவதை விட்டார், போட்டதாகச் சொன்னார். சில வருஷம் இப்படி இழுத்து, ஒரு மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். கடைசி நாட்களிலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தியர்கள் கேட்டது எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாத அறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இறுதிச் சடங்குக்கு நிறைய ஆட்கள் வந்தார்கள். தம்பியின் வரவுக்காகக் காத்திருந்தே உயிர்விட்ட அண்ணன் என்று மண்டபத்துத் தலைவர் உருக்கமாகப் பேசினார். பாதியில் கதவு திறந்து, தலையில் துணி கட்டிய பெண்கள் சிலர் உள்ளே வந்து பின்சுவரோடு நின்றார்கள். பீலிலிருந்து வந்திருந்தார்கள். முன்னால் கதிரைகள் காலியாக இருந்தன. யாரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை.

"இவையள் ஆர்?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார்.

"ஆரோ வேலை செய்யிற இடத்து ஆக்களாக்கும்."

மலர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். எல்லோரும் பார்க்க நடந்துபோய் அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். பேச்சு முடியும்வரை அங்கேயே நின்றார். அதற்காக அவரை எங்கள் ஆட்கள் நெடுநாள் மன்னிக்கவில்லை.

வெளியே அல்பானியத் தோழி புகைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்களை அவளிடம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதனைச் சாகவிட்டார்கள், தங்கள் துக்கம்தான் உலகத்திலேயே பெரிது என்ற பெருமையில் சாகவிட்டார்கள் என்றேன்.

"திட்டாத," என்றாள் அவள். "எங்களிட்டையும் ஒருத்தி வந்தவள். நாங்கள் இஞ்ச வந்த முதல் குளிர்காலம். பொஸ்னியாக்காரி. அவளின்ர புருசனையும் மகனையும் எங்களுக்கு முந்தின யுத்தத்தில கொண்டுபோயிட்டாங்கள். அகதி முகாமில எங்கட கதவைத் தட்டி, அம்மாவோட கதைக்கலாமோ எண்டு கேட்டாள். அவள் கதைச்ச பாசை, அப்பாவைக் கொண்டு போனவங்கள் கதைக்கிற பாசை. அந்தப் பாசையை நான் பள்ளிக்கூடத்தில படிச்சிருந்தன். அம்மா உள்ளுக்க இருந்து சொன்னா, 'எங்கட கதை வேற எண்டு சொல்லி அனுப்பு.' நான் சொன்னன். அதுதான் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு."

"பிறகு வந்தவவோ?"

"இல்லை. அம்மா மூண்டு வருஷம் படுக்கையில கிடந்தா. சனிக்கிழமை, மிளகாய், அடையாளம் கேக்கிறது எல்லாம் நாங்களாக் கண்டுபிடிச்சதெண்டு நினைச்சிருக்கிறம். அவளுக்கு அதெல்லாம் அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவள் சிகரெட்டைக் காலால் அணைத்துவிட்டு, மற்றப் பெண்களைக் கூட்டிவர உள்ளே போனாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு மலர் எனக்கு ஒருநாள் எடுத்தார். ஜெர்மன் படித்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். தன் வீட்டுக்குப் பக்கத்து அகதி நிலையத்தில் ஒரு ஆப்கான் பெண், மகன் வழியில் எல்லை கடக்கும்போது காணாமல் போய்விட்டான், சாப்பிடாமல் இருக்கிறாளாம், நீங்களும் வாருங்கள் என்றார். போனோம். மலர் சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தார். அங்கே வேலை செய்யும் ஒரு இளைஞன் மொழிபெயர்த்தான். மலர் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள். பிறகு கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னாள்.

"நன்றி என்கிறார்," என்றான் இளைஞன். "ஆனால் உங்களுடையது வேறு என்கிறார். அவருடைய மகன் தொலைபேசி எடுப்பானாம்."

மலர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார். வழியில், "நானும் அண்டைக்குக் கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொல்லியிருப்பன் அக்கா," என்றார். "வாற சனி திரும்பப் போவம்."

போனோம். அவளுடைய கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். அவளை வேறு கன்டோனுக்கு, அதாவது வேறு மாநிலத்துக்கு, மாற்றிவிட்டார்களாம். எந்தக் கன்டோன் என்று கேட்டோம். சொல்ல அனுமதியில்லை என்றார்கள்.

தமிழுக்கு மட்டும்தானே நாங்கள், இது எங்களுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உங்கள் பக்கத்துக் கதிரையில் காத்திருக்கும் ஆப்கான் மொழிபெயர்ப்பாளரோடு, எரித்திரிய மொழிபெயர்ப்பாளரோடு பேச்சுக் கொடுங்கள். அவர்களுடைய ஆட்கள் எங்கே விழுந்தார்கள் என்று கேளுங்கள், உங்கள் ஆட்கள் விழுந்த இடத்தைச் சொல்லுங்கள். அதனால் யாரும் காப்பாற்றப்படுவார்கள் என்று நான் வாக்குத் தரமாட்டேன். நான் கண்டவரையில் மலர் ஒருவர்தான் முதல் தடவையே வந்தார், அவராலும் கணவரை உள்ளே கூட்டிவர முடியவில்லை. மற்ற எல்லோரும் முதல் தடவை மறுப்பார்கள். எங்கட கதை வேற என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டாம் தடவை வரை போய்ச் சேர எங்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.